கிளிசரின் வாங்கப் போனவள்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். யசோதா இறங்கி வரிசையில் நின்றபோது அவளுடைய தோள்பையில் ஏழு போத்தல் கிளிசரினும் நாலு போத்தல் பெரொக்சைட்டும் இருந்தன. பொல்கொல்லையில் பஸ்ஸில் குண்டு வெடித்து ஆறு கிழமைகூட ஆகவில்லை. அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் யாராவது கேட்டால் ஒரு தொலைபேசி அழைப்போடு விஷயம் முடிந்துவிடும் என்று உறுதியாக நம்பியிருந்தாள்.

நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் யசோதா. அப்பா செல்லச்சாமி தோட்டத்துப் பெக்டரியில் வேலை பார்த்தவர். அம்மா வடிவம்மா இருபத்தாறு வருடம் கொழுந்து பறித்தவள். நாற்பத்தைந்து வயதில் வடிவம்மாவின் விரல் மூட்டுகள் வீங்கிக் கோணிப்போயின. ஆஸ்பத்திரியில் பிரெட்னிசலோன் குளிசை கொடுத்தார்கள். வலி அடங்கியது. திரும்பவும் மலைக்குப் போனாள். இரண்டு வருடம் அந்தக் குளிசையை விழுங்கிய பிறகு, ஒருநாள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் சறுக்கிக் கையை ஊன்றியதும் மணிக்கட்டு முறிந்துபோனது. மூட்டு வலிக்குக் கொடுத்த மருந்தே எலும்பை மெலியவைத்துவிட்டது என்று டொக்டர் சொன்னபோது, பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்த யசோதா பக்கத்தில்தான் நின்றாள். அது ஏன், எப்படி என்று அவள் கேட்டாள். டொக்டருக்கு வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

அந்தக் கேள்விதான் அவளைக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மகாவலிக் கரையில் இருந்த சிறிய ஆய்வுநிலையத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அங்கே டொக்டர் விவேகானந்தன் சீப்ரா மீன்களை வைத்து எலும்பின் உயிர்க்கலங்களை ஆராயத் தொடங்கியிருந்தார். அலங்கார மீன் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் நீலக்கோடு போட்டுக்கொண்டு ஓடித்திரிகிற அதே சின்ன மீன்தான். முட்டையிலிருந்து வந்த ஐந்தாம் நாள் அதன் குடம்பி கண்ணாடிபோல இருக்கும். உள்ளே தாடை மூட்டு உருவாகிறதையும், எலும்பாக்கும் கலங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காருகிறதையும் நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். தண்ணீரில் பிரெட்னிசலோனைக் கலந்துவிட்டால் அந்தக் கலங்கள் குறைந்துபோகும். எவ்வளவு கலந்தால் எவ்வளவு குறைகிறது, எத்தனை நாள் நிறுத்தினால் திரும்பி வருகிறது என்பதுதான் ஆராய்ச்சி.

ஆராய்ச்சி விவேகானந்தனுடையது என்றாலும் கை யசோதாவுடையது. விடிந்ததும் முட்டை பொறுக்குவது, குடம்பிகளைப் பிரிப்பது, மருந்து அளந்து விடுவது எல்லாம் அவள்தான். வளர்ந்த மீனைப் பார்மலினில் பதப்படுத்தி, பெரொக்சைட்டில் நிறம் போக்கி, எலும்புக்குச் சிவப்புச் சாயமேற்றி, கடைசியில் கிளிசரினில் போட்டு வைப்பாள். சதை முழுதும் தெளிந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். சிவப்பு முள்ளந்தண்டும் சிவப்புத் தாடையும் மட்டும் குப்பிக்குள் மிதக்கும். பதினெட்டு மாதத்தில் அப்படி இருநூற்றுச் சொச்சம் குப்பிகளைச் செய்து, மருந்தின் அளவும் திகதியும் ஒட்டி, அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தாள்.

“உம்மைப்போல வேலை செய்ய எனக்கே ஏலாது, யசோ,” என்று விவேகானந்தன் சொல்லுவார். அவருக்கு நாற்பத்தைந்து வயது. யாழ்ப்பாணத்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் கண்டியில் மாமாவின் கடையோடு சேர்ந்து தன் புத்தகங்களும் எரிந்ததைப் பார்த்தவர். தொண்ணூற்றாறில் பொலிஸார் அவரைச் சந்தேகத்தில் இரண்டு நாள் பிடித்து வைத்து அடித்து அனுப்பியிருந்தார்கள். அதைப் பற்றி அவர் பேசமாட்டார். மனைவி லீலாதேவிதான் யசோதாவிடம் ஒருமுறை சொன்னார்.

யசோதா அவர்களுடைய வீட்டுப் பின்னறையில்தான் குடியிருந்தாள். ஒரே மேசையில் சாப்பாடு. மாலையில் அவர்களுடைய மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். போன வருடம் அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபோது, லீலாதேவி வங்கி வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆறு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கதிரையில் இருந்தார். அக்கா என்று அதற்கு முன்பும் கூப்பிட்டவள்தான். அந்த ஆறு நாளுக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு அவளிடம் வேறு அர்த்தம் வந்திருந்தது.

அந்த ஜூலை மாதம் ஆய்வுகூடத்தில் கிளிசரின் தீர்ந்துபோயிருந்தது. யுத்தம் நடக்கிற நேரம். குண்டு செய்ய உதவும் என்று, இரசாயனம் எது வாங்கினாலும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் போய் மூன்று மாதமாகியும் பதில் இல்லை. ஆய்வுநிலையத்தை நடத்துகிற பணிப்பாளர் அம்மா யப்பானுக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக விவேகானந்தன்தான் பொறுப்பில் இருந்தார். ஆகஸ்ட் கடைசியில் கொழும்பில் ஒரு மாநாடு. நாற்பது மீன்கள் அரைகுறையாகச் சாயத்தில் கிடந்தன.

“கண்டி ரவுணுக்குப் போய்ப் பார்மசிகளிலை கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கொண்டு வாரும்,” என்றார் விவேகானந்தன். “ஒரு கடையிலேயே எல்லாத்தையும் கேட்டால் தரமாட்டாங்கள்.”

“ஒரு கடிதம் குடுத்தீங்கன்னா நல்லது சேர். பாலத்துல பேக்க எல்லாம் தொறந்து பாக்குறாங்க.”

“கடிதம் எழுதினால் அமைச்சு அனுமதி எங்கை எண்டு கேப்பாங்கள். அதொண்டும் தேவையில்லை. ஆரும் மறிச்சால் எனக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லும். நான் சொல்லுறன்.”

அவள் போனாள். முதல் மூன்று கடைகளில் ஒவ்வொரு போத்தலாகக் கிடைத்தது. நாலாவது ஹாஷிம் என்பவரின் பார்மசி. அறுபதைத் தாண்டிய மனிதர். பெரொக்சைட்டையும் கிளிசரினையும் சேர்த்துக் கேட்டதும் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“என்னத்துக்கு மகள் இவ்வளவு?”

கேட்பார்கள் என்று தெரிந்துதான் அவள் ஒரு குப்பியைப் பையில் எடுத்துப் போயிருந்தாள். எடுத்துக் காட்டினாள். அவர் அதை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“யா அல்லாஹ்! இது மீனா? தோலையும் காணல்ல, சதையையும் காணல்ல.”

“எல்லாம் இருக்கு நானா. கிளிசரின்ல போட்டா கண்ணுக்குத் தெரியாது. எலும்பு மட்டும் தெரியும். மூட்டு வருத்தத்துக்கு மருந்து குடுக்குறாங்கல்ல, அது எலும்ப என்னா செய்யுதுன்னு பாக்குறோம்.”

ஹாஷிம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு பொலிஸ் உத்தரவுப்படி அவளுடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கொப்பியில் எழுதிவிட்டு இருந்த போத்தல்களையெல்லாம் கொடுத்தார். குப்பியைத் திருப்பித் தரும்போது அவருக்கு மனமில்லாதது தெரிந்தது.

“வச்சிக்கங்க நானா. எங்ககிட்ட நெறய இருக்கு,” என்றாள் யசோதா.

திரும்பும் வழியில், பாலத்தடியில் இராணுவச் சிப்பாய் ஒருவன் அவளுடைய பையைத் திறந்தான். போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் நிறுத்திவிட்டு, வேறு யாரையோ கூப்பிட்டான். அரை மணித்தியாலத்தில் அவள் பொலிஸ் நிலையத்தில் இருந்தாள். அவள் பேசுகிற சிங்களம் சுத்தமானது. ஆய்வுநிலையத்தைப் பற்றியும் மீன்களைப் பற்றியும் பதறாமல் சொன்னாள். பொறுப்பதிகாரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சரி தங்கச்சி, உங்கள் டொக்டரையே கேட்போம்,” என்று தொலைபேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

இரண்டாவது மணியிலேயே விவேகானந்தன் எடுத்தார். அதிகாரி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். 

“அவர் ஒரு தற்காலிக உதவியாளர்,” என்றது விவேகானந்தனின் குரல், சிங்களத்தில். “நான் அவரை எதுவும் வாங்க அனுப்பவில்லை. எங்கள் வேலைக்கு அவ்வளவு தேவையுமில்லை. ஏன் வாங்கினார் என்று எனக்குத் தெரியாது.”

“உங்கள் வீட்டில்தான் இருக்கிறாராமே?”

“ஒரு அறை வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். அதைத் தவிர வேறு தொடர்பில்லை.”

அதிகாரி தொலைபேசியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். யசோதாவைக் கூண்டில் போடச் சொன்னார். ஆனாலும் கூண்டுக்குள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தபோது அவள் மனம் ஒரு விளக்கத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டது. பொலிஸ் தொலைபேசியில் சேர் வேறு எப்படிப் பேசுவார்? திடீரென்று கேட்டதும் பதறியிருப்பார். கடிதத்தை அடித்து, சீல் குத்தி, ஒரு லோயரையும் கூட்டிக்கொண்டு வருவார். அந்தப் பின்னேரம் முழுவதும் வாசல் பக்கம் காலடி கேட்கிறபோதெல்லாம் அவள் எழுந்து நின்றாள்.

அடுத்த நாள் எசல போயா, பௌர்ணமி. விடுமுறை. ஆய்வுநிலையத்தில் ஒரு குருவியும் இருக்காது. காலையில் அவளை ஜீப்பில் ஏற்றி அங்கேதான் கொண்டுபோனார்கள். அவளுக்கு உடம்பு லேசானதுபோல இருந்தது. அலுமாரியைத் திறந்து காட்டினால் போதும். இருநூறு குப்பிகள் இருக்கின்றன, இருநூறு சாட்சிகள் என்று நினைத்துக்கொண்டாள்.

விவேகானந்தன் சாவியோடு வாசலில் நின்றார். அவளைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

உள்ளே டெட்டோல் மணந்தது. மீன் தொட்டிகள் எல்லாம் வெறுமையாக, கவிழ்த்து, துடைத்து வைக்கப்பட்டிருந்தன. காற்றுக் குழாய்கள் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன. யசோதா ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தாள். தட்டுகளில் பழைய சஞ்சிகைகள் அடுக்கியிருந்தன. ஒரு குப்பிகூட இல்லை.

“எங்கே உங்கள் மீன்கள்?” என்று ஒரு பொலிஸ்காரர் கேட்டார்.

அவள் திரும்பி விவேகானந்தனைப் பார்த்தாள். “சேர், அலுமாரியில இருந்ததெல்லாம் எங்க? குப்பியெல்லாம் எங்க சேர்?”

அவள் கேட்டது தமிழில். அவர் பதில் சொன்னது சிங்களத்தில், அதுவும் அதிகாரியைப் பார்த்து. “மீன் ஆராய்ச்சியை மே மாதமே நிறுத்திவிட்டோம். இவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.”

நேற்றுக் காலையில் அவளே உணவு போட்ட மீன்கள். நாற்பது மீன் சாயத்தில் கிடந்த தட்டு இந்த மேசையில்தான் இருந்தது. அவள் அதையெல்லாம் சத்தமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது பொய்போலவே கேட்டது. பொலிஸ்காரர்களின் முகத்தில் அது தெரிந்தது. அதுவரை வாங்க, இருங்க என்றிருந்த பேச்சு திரும்பும் வழியில் மாறிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை யசோதா யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. அடிக்கவில்லை என்று மட்டும் சொல்லுவாள். ஒரே கேள்வியை வேறு வேறு ஆட்கள் கேட்டார்கள். யாருக்காக வாங்கினாய்? யாரிடம் கொடுக்கச் சொன்னார்கள்? அவள் மீன் என்றாள். மீன் இல்லையே என்றார்கள். பார்மசிக்காரரிடம் ஒரு குப்பி இருக்கிறது என்று அவள் சொன்னதை ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை. ஊரிலிருந்து அப்பாவாவது வந்திருக்க வேண்டுமே என்று நினைத்தாள். பெண் பொலிஸ் ஒருத்தியிடம் கேட்டபோது, உன்னைத் தேடி ஒருவரும் வரவில்லை என்று சொன்னாள். அப்பாவுக்கும் தன்மேல் சந்தேகமோ என்று ஒரு பகல் முழுவதும் அழுதாள்.

ஐந்தாம் நாள் கொழும்பிலிருந்து வந்த ஒரு அதிகாரி தட்டச்சு செய்த இரண்டு பக்கத்தை அவள் முன்னால் வைத்தார். குரல் மிருதுவாக இருந்தது.

“உன்னை யார் அனுப்பினார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அந்த டொக்டர் உன்னைக் கைவிட்டுவிட்டார், பார்த்தாய்தானே. நீ ஏன் அவருக்காக உள்ளே கிடக்கிறாய்? கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ.”

அவள் சிங்களத்தை எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாள். முதல் பக்கத்தில் விவேகானந்தன்தான் அவளைக் கடைகளுக்கு அனுப்பினார் என்று இருந்தது. அது உண்மை. இரண்டாம் பக்கத்தில், வாங்கியதை வவுனியாவிலிருந்து வரும் ஒருவரிடம் கொடுக்கும்படி அவர் சொன்னார் என்றும், இதற்கு முன்பும் இரண்டு தடவை அப்படிக் கொடுத்தாள் என்றும் இருந்தது. கையெழுத்துப் போட்டால் விவேகானந்தன் எத்தனை வருடம் உள்ளே போவார் என்பதை ஊகிக்க அவளுக்குப் பெரிய அறிவு தேவைப்படவில்லை. பேனை கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அவள் அதை எடுக்க நினைத்தாள். டெட்டோல் மணம் மூக்குக்குள் இருந்தது.

“மொத பக்கம் சரி,” என்றாள். “ரெண்டாவது பக்கம் பொய். நான் போடமாட்டேன்.”

அதிகாரி கோபப்படவில்லை. காகிதங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் அவளோடு யாரும் பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை அவளை வெளியே கூப்பிட்டார்கள். பொறுப்பதிகாரியின் மேசைக்கு முன்னால் அப்பா நின்றார். அவருக்குப் பக்கத்தில், வெள்ளைத் தொப்பியோடு பார்மசி ஹாஷிம். மேசையில் அந்தக் குப்பி இருந்தது. அதிகாரி அதை விரலிடுக்கில் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு முள்ளந்தண்டு பளிச்சென்று தெரிந்தது. குப்பியின் மேலே அவளுடைய கையெழுத்தில் ஜூன் மாதத் திகதி ஒட்டியிருந்தது.

“மேயில் நிறுத்தினோம் என்றாரே அந்த மனிதர்,” என்று அதிகாரி தனக்குள் சொன்னார்.

மறுவாரம் கடைக் கொப்பியைப் பார்க்கப் பொலிஸ் வந்தபோதுதான் ஹாஷிமுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. முதலில் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டிருந்தார். அதை அவரே ஒளிக்காமல் சொன்னார். “வீட்டுல எல்லாரும் போகவேணாம்னு சென்னாங்க மகள். விக்கிறவனையும் சேத்துப் புடிப்பாங்கன்னு. ரெண்டு நாள் கடையில இந்த மீனப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஏலாமப் போச்சி. ஒங்கட ஆபீஸுக்குப் போனேன். அங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியா. உம்மாவுக்கு சொகமில்லைன்னு நீங்க லீவுல போயிட்டதா சென்னாங்க.”

“யாரு சொன்னது?”

“பொறுப்பா ஈக்கிற டொக்டர் அப்பிடித்தான் எல்லாருக்கும் சென்னாராம்.”

யசோதா அப்பாவைப் பார்த்தாள். செல்லச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நாலு வாட்டி அந்த வீட்டுக்குப் போன் பண்ணேன் தாயி. அந்தம்மாதான் எடுத்தாங்க. நீ ஆராய்ச்சி வேலையா கொழும்புக்குப் போயிருக்கே, போன் எடுக்க முடியாதுன்னாங்க. நல்லா இருக்கா, கவலப்படாதீங்கன்னு சொன்னாங்க. இந்த மொதலாளி ஆபீஸ்ல விலாசம் வாங்கிக்கிட்டு வந்து நம்ம லயத்து வீட்டு வாசல்ல நிக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது.”

தொலைபேசியில் அந்தக் குரலைக் கேட்டபோதும் அவள் அழவில்லை. காலித் தொட்டிகளைப் பார்த்தபோதும் அழவில்லை. நல்லா இருக்கா, கவலப்படாதீங்க என்று அக்கா சொன்னதைக் கேட்டதும் அவள் வாய்விட்டு அழுதாள். பெண் பொலிஸ் ஒருத்தி கதிரையை இழுத்துப் போட்டாள்.

ஹாஷிமையும் ஒரு பகல் முழுவதும் உட்கார வைத்து விசாரித்துவிட்டுத்தான் விட்டார்கள். பணிப்பாளர் அம்மா யப்பானிலிருந்து திரும்பியதும் கடிதம் கொடுத்தார். பதினாறாம் நாள் யசோதாவை விடுதலை செய்தார்கள். ஆனால் கோப்பை மூடவில்லை. அவளை அனுப்பியது யார் என்ற கேள்விக்கு அனுப்பியவர் இன்னும் ஆம் என்று சொல்லவில்லையே. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஊர்ப் பொலிஸில் போய்க் கையெழுத்திட வேண்டும் என்றார்கள்.

கட்டுகஸ்தோட்டை வீட்டின் கேற்றில் பூட்டுத் தொங்கியது. அவளுடைய ட்ரங்குப் பெட்டியும் படுக்கையும் எதிர்க் கடைக்காரரிடம் இருந்தன. அவள் பிடிபட்ட மறுநாளே கொண்டுவந்து வைத்தார்களாம்.

ஆய்வுநிலையத்தில் விவேகானந்தன் இல்லை. மருத்துவ லீவு. தொட்டி கழுவுகிற காளிமுத்து அவளைக் கண்டதும் கண்கலங்கினார்.

“அன்னைக்குப் பின்னேரம் சேர் தனியா நின்னு எல்லாத்தையும் கொட்டுனாரு தங்கச்சி. தொட்டியில குளோரின ஊத்துனாரு. குப்பிய ஒவ்வொண்ணாத் தொறந்து சிங்க்ல ஊத்திக்கிட்டே இருந்தாரு. நான் செய்யட்டுமான்னு கேட்டேன், வேணாம்னுட்டாரு.  வருத்தம் வந்த மீனுன்னுதான் நான் நெனச்சேன்.”

அவற்றில் பத்துக் குப்பியையாவது கொட்டாமல் வைத்திருந்தால் போயா அன்றைக்கே தன்னை விட்டிருப்பார்கள் என்று அவள் காளிமுத்துவிடம் சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாவலப்பிட்டிப் பொலிஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தவளை யாரோ “யசோ” என்று கூப்பிட்டார்கள். திரும்பினாள். ரயில் நிலையத்துக்கு முன்னாலிருந்த சாப்பாட்டுக் கடை வாசலில் லீலாதேவி நின்றார். உள்ளே, கடைசி மேசையில், விவேகானந்தன். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

போகாமல் இருந்திருக்கலாம். அவள் போய் எதிரில் உட்கார்ந்தாள்.

“சுகமா இருக்கிறீரே?” என்றார் அவர்.

 மூன்று தேநீர் வந்தது. ஒருவரும் தொடவில்லை.

“நான் ஓம் எண்டு சொல்லியிருந்தால் ரெண்டு பேரும் உள்ளைதான்,” என்று அவர் மேசையைப் பார்த்தபடி பேசினார். “தொண்ணூற்றாறிலை என்னை என்ன செய்தவங்கள் எண்டு உமக்குத் தெரியாது. அந்தப் போன் வந்த உடனை என்ரை உடம்பு என்ரை சொல்லுக் கேக்கேல்லை. உம்மை விட்டிடுவாங்கள் எண்டுதான் நினைச்சனான். நீர் ஒண்டும் செய்யேல்லைத்தானே.”

“அப்போ குப்பிய ஏன் சேர் கொட்டினீங்க?”

 லீலாதேவிதான் பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

“யசோ, நாங்கள் கனடாவுக்குப் போக எழுதியிருக்கிறம். பொலிஸ் அறிக்கை கேக்கிறாங்கள். உன்ரை கோப்பிலை இவரின்ரை பேர் கிடக்கிறதாலை தரமாட்டன் எண்டு நிக்கிறாங்கள். நீ இதிலை ஒரு கையெழுத்து வைச்சால் போதும். சாமான்களை நீயா விரும்பித்தான் வாங்கினனி, இவருக்குத் தெரியாது எண்டு மட்டும். உனக்கு இனி என்ன வரப்போகுது? உன்னை விட்டிட்டாங்கள்தானே.”

யசோதா காகிதத்தை வாசித்தாள். சுத்தமான சிங்களத்தில், அழகாகத் தட்டச்சு செய்திருந்தது. பிறகு கொழும்பு அதிகாரி அன்று கொண்டுவந்த இரண்டு பக்கத்தைப் பற்றி அவர்களுக்குச் சொன்னாள். வவுனியாவிலிருந்து வரும் ஆள், இரண்டு தடவை கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். பேனை எவ்வளவு கிட்ட இருந்தது என்பதையும் சொன்னாள். குரலை உயர்த்தாமல், வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னாள்.

விவேகானந்தன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

யசோதா அந்தக் காகிதத்தைத் திருப்பி, வெறும் பக்கத்தில் தமிழில் எழுதினாள். கிளிசரினும் பெரொக்சைட்டும் வாங்க என்னை அனுப்பியவர் டொக்டர் விவேகானந்தன். அது மீன்களின் எலும்பைப் பார்க்கத்தான். அவருக்கு வேறு எந்த நோக்கமும் இல்லை, எனக்கும் இல்லை. கீழே பெயரையும் திகதியையும் போட்டாள்.

“இதக் குடுங்க சேர். இதுல உங்களுக்கும் கெடுதல் இல்ல, எனக்கும் இல்ல. என் கோப்பையும் மூடிருவாங்க.”

அவர் வாசித்தார். வெகுநேரம் வாசித்தார். “முதல் வரியை மட்டும் எடுத்துவிடேலாதே, யசோ?” என்று கேட்டார்.

அவள் எழுந்துகொண்டாள். விவேகானந்தன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவளுக்கு முன்பாகவே வெளியே போனார். லீலாதேவி மட்டும் நின்றார்.

“கொட்டச் சொன்னது நான்தான்,” என்றார். “அவர் போன் எடுத்து அழுதவர். நான்தான், எல்லாத்தையும் கழுவிப்போட்டு வாங்கோ எண்டனான். எனக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு.”

“எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஆறு நாள் கூடவே இருந்தீங்களேக்கா.”

“அது வேறை யசோ. காய்ச்சல் வந்ததுக்கு ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு போகமாட்டாங்கள்.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரும் இறங்கிப் போனார்.

அந்தக் கடிதம் எந்தப் பொலிஸுக்கும் போகவில்லை. வேறு யாரையோ பிடித்து, வேறு ஏதோ வழியில், அடுத்த பெப்ரவரியில் அவர்கள் கனடாவுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. யசோதாவின் கோப்பு யுத்தம் முடிந்து பத்து மாதம் கழித்துத்தான் மூடப்பட்டது. அதுவரை எண்பத்தேழு ஞாயிற்றுக்கிழமை அவள் கையெழுத்துப் போட்டாள்.

பணிப்பாளர் அம்மா அவளைத் திரும்பக் கூப்பிட்டார். புதிய மீன்கள் வாங்கி, முதல் முட்டையிலிருந்து மறுபடி தொடங்கினாள். மருந்தை நிறுத்தினால் எலும்பாக்கும் கலங்கள் திரும்புகின்றன, ஆனால் முழுவதுமாக அல்ல என்று கண்டுகொள்ள மேலும் மூன்று வருடம் ஆனது. கட்டுரையில் அவளுடைய பெயர் முதலாவதாக வந்தது. கண்டியில் அறை எடுக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். வீட்டோடு வந்து தங்கச் சொல்லியும் ஒரு தோழி கூப்பிட்டாள். யசோதா ஒருவர் வீட்டிலும் தங்கவில்லை. இருட்டோடு எழும்பி, நாவலப்பிட்டியிலிருந்து ரயிலில் வந்து போனாள்.

நடந்தது முழுவதையும் அப்பா அறிவார். அம்மாவிடம் மட்டும் இருவரும் பாதியைத்தான் சொல்லியிருந்தார்கள். பொலிஸ் தவறாகப் பிடித்து விட்டுவிட்டது என்பதோடு சரி. அந்த அக்டோபர் ஞாயிறு அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது வடிவம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“ஏன் இவ்வளவு நேரம்?”

“கண்டியில இருந்து அக்காவும் சேரும் வந்திருந்தாங்க. டவுன்ல பாத்துப் பேசிக்கிட்டு இருந்தேன்.”

“அட, வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரக்கூடாதா? ஆஸ்பத்திரியில ஒன்ன அப்பிடிப் பாத்துக்கிட்ட மனுசி. ஒரு வாய் சோறு போட்டு அனுப்பியிருப்பேனே.”

“அவங்களுக்கு நேரமில்லம்மா,” என்றாள் யசோதா. முகம் கழுவப் பின்பக்கம் போனாள்.